முப்பத்துநாலு வீடு, பதினெட்டு இடம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்த அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு பிரின்ஸிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கன்டெய்னர் பெட்டிக்குள் அமைத்திருந்த சைட் ஒஃபிஸில் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலருகே போனாள், திரும்பி வந்து ஒன்றும் எழுதப்படாத வெள்ளைத் தாளை நேராக்கி வைத்தாள். மூடியிருந்த லெப்டொப்பை இரண்டு முறை திறந்து, இரண்டு முறையும் அதே எண்ணைப் பார்த்துவிட்டு மூடினாள். ஐம்பத்துமூன்று வீதம்.

கெட்ட செய்தி ஒன்றும் வரவில்லை. ஹெட் ஒஃபிஸ் மனேஜர் அவளைப் பாராட்டத்தான் கூப்பிட்டிருந்தார்.

யட்டவத்தயில் ஒரு பாடசாலைக்கு மூன்று மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எந்த மாதத்தில் எத்தனை மேசன், எத்தனை கையாள் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி அனுப்புவதுதான் பிரின்ஸியின் வேலை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறாவது மாத முடிவில் அவளை நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டும். மாத்தளை டவுனில் வாடகை வீட்டில் தையல் மெஷினோடு காலம் தள்ளும் அம்மா மார்ஜரி, அந்தக் கடிதத்துக்காக அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் செவ்வாய் தவறாமல் மெழுகுதிரி ஏற்றுகிறாள்.

போன வாரம் பிரின்ஸி அனுப்பிய முன்கணிப்பு இதுதான். அடுத்த மூன்று மாதமும் கூரை ஸ்லெப், செங்கல் கட்டு, பூச்சு என்று வேலை நெருக்கும். நாளொன்றுக்கு முப்பது பேர் வேண்டும். இப்போதிருக்கும், எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் கேங்கில் முப்பத்துநாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் வரவு ஐம்பத்துமூன்று வீதம்தான். அதாவது நாளொன்றுக்குப் பதினெட்டுப் பேர். பன்னிரண்டு பேர் குறைவு.

மனேஜர் அந்த அறிக்கையை ஒரே மூச்சில் வாசித்திருக்கிறார். "அருமையா செஞ்சிருக்கீங்க. இவ்வளவு நாளா யாரும் இதக் கண்டுபிடிக்கல. பாதி நாள் வேலைக்கு வராத கேங்க வச்சு ஸ்லெப் போட ஏலாது. தெற்குப் பக்கம் நம்ம சைட் ஒண்டு முடியுது. அங்க உள்ள முப்பது பேரையும் கொண்டாந்து யட்டவத்தயில ஒரு வீடெடுத்து வைக்கிறன். மாசக் கடைசியோட அந்த எல்கடுவ கேங்க நிப்பாட்டிருங்க. நாளைக்கே அவங்களுக்குச் சொல்லிருங்க."

அவள் கேட்டது பன்னிரண்டு பேர். கிடைத்தது முப்பது. யாரையும் நிறுத்தச் சொல்லி அவள் எழுதவில்லை. ஆனால் அவள் எழுதிய எண்ணைப் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும் என்பது போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கேங்கின் தலைவர் சுந்தரலிங்கம் அப்போது வெளியே பைப்பில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ஒட்டிய கன்னம், எந்நேரமும் தலையில் ஒரு நீலத் தொப்பி. ஜன்னலில் அவளைக் கண்டதும் கையை உயர்த்தி, "போய்ட்டு வாறோம் மிஸ்" என்றார். பிரின்ஸி தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று பஸ்ஸில் செபமாலை சொல்லத் தொடங்கியவள் மூன்றாம் தேவ இரகசியத்துக்கு மேல் போகவில்லை. விரல் மணியில் நின்றது; மனம் முப்பத்துநாலு பேரில் நின்றது. சாப்பாட்டு மேசையில் அம்மா, "ஏன் புள்ள சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க?" என்று கேட்டதற்கு, "ஒன்னுமில்ல, தலவலி" என்றாள். அவர்கள் வராதது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வராத நாளுக்கு நான் பொறுப்பா? எண் பொய் சொல்லவில்லையே. எத்தனை தடவை சொன்னாலும் அந்தச் சமாதானம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

சனிக்கிழமையும் வேலை நாள். பிரின்ஸி ஏழு மணிக்கு முன்பே சைட் கேட்டடியில் போய் நின்றாள். கையில் மூன்று மாத வரவுத் தாள்கள். யார் யார் எந்தெந்த நாள் வரவில்லை என்பதை முகத்துக்கு நேரே காட்டிவிட்டால், சொல்ல வேண்டியதைச் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். கொஞ்சம் கோபம் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். ஆனால் கோபம் வருவதாக இல்லை.

சின்ன லொறி வந்து நின்றது. பின்கதவு திறந்தது. ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கடைசியாக, பெரிய கேத்தலைப் பிடித்தபடி சுந்தரலிங்கத்தின் மனைவி அழகம்மா இறங்கினாள். கேங்குக்குத் தேத்தண்ணீர் போடுவதற்காக அவள் தினமும் கூட வருகிறவள். வரவுத் தாளில் அவளுக்குப் பெயரில்லை.

பிரின்ஸி எண்ணினாள். அழகம்மாவை விட்டால் பதினெட்டு.

நேற்று எத்தனை பேர் என்று தாளைப் பார்த்தாள். பதினெட்டு. முந்தின நாள் பதினெட்டு. போன மாதம் முழுவதும், மழையால் வேலையே நடக்காத நாள் இரண்டைத் தவிர, பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. இத்தனை நாளும் அவள் மாதக் கடைசியில் கூட்டிப் பிரித்து வீதம் எடுத்தாளே தவிர, ஒரு நாளின் கூட்டுத்தொகையை ஒருமுறையாவது கண்ணால் பார்த்ததில்லை. வேலைக்கு மட்டம் போடுகிறவர்கள் ஒருநாள் பத்துப் பேராகவும் ஒருநாள் இருபத்தைந்து பேராகவும் அல்லவா வருவார்கள்? இது என்ன, அளந்து வைத்தது போல?

"ஷியாம் எங்க?" என்று கேட்டாள். தாளில் முதலில் கண்ணில் பட்ட பெயர் அது.

"இன்னைக்கு அவன் முறை இல்லீங்க மிஸ்" என்றான் துஷாந்த், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டே. "இன்னைக்கு என் முறை."

"முறையா? என்ன முறை?"

துஷாந்த் துண்டை அவிழ்த்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சுந்தரலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேசலாமா வேண்டாமா என்று நின்றார்.

"சொல்லிப்போடுங்களேன்" என்றாள் அழகம்மா கேத்தலைக் கீழே வைத்து. "எத்தன நாளைக்குத்தான் மூடி வைப்பீங்க. மிஸ் என்ன கடிச்சா திங்கப்போறாங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு."

"அஞ்சு மாசமா சும்மாதானே இருக்கேன்."

சுந்தரலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒன்னுமில்லீங்க மிஸ். இந்த வேல தொடங்கையில எஞ்சினியர் றினோஸ் சேர் பதினெட்டு ஆள் போதும்னாரு. தோட்டத்துல போய்ச் சொன்னேன். விடிஞ்சு பாத்தா முப்பத்துநாலு வீட்டு ஆளுங்க லயத்து வாசல்ல வந்து நிக்கிறாங்க. யார வா, யாரப் போன்னு சொல்றது? எல்லாம் ஒன்னுமண்ணா பொழங்குறவங்க. மேசன் நாங்க ரெண்டு பேரும் நெதம் வரணும், அது சரி. மிச்சம் பதினாறு எடம், முப்பத்திரண்டு வீடு. ஒரு எடத்துக்கு ரெண்டு வீடுன்னு பிரிச்சுவிட்டேன். ஒருத்தர் இங்க வாற நாளு மத்தவர் தோட்டத்துல காலையில ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போயிருவாரு. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்துல பேரும் நிக்கும். பேர் வெட்டுப்பட்டா லயத்துல குடியிருக்கிற காம்பராவுக்கும் கேள்வி வருங்க மிஸ், அதுக்குத்தான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா, ஆள மாத்தாத, ஒரே ஆளா அனுப்புன்னுவாங்க. அப்ப பதினாறு வீடு வெளிய நிக்கணும்."

பிரின்ஸி வரவுத் தாளை அங்கேயே, லொறியின் பின்பலகையில் விரித்தாள். ஷியாமின் வரிசையையும் துஷாந்தின் வரிசையையும் விரலால் தொட்டுக்கொண்டு போனாள். இவன் இல்லாத நாளில் அவன். அவன் இல்லாத நாளில் இவன். ஒரு சாவு வீட்டு வாரத்தில் மட்டும் முறை குழம்பி, துஷாந்த் தொடர்ந்து ஐந்து நாள் வந்திருந்தான். ஒரு இடம்கூட ஒரு நாளும் காலியாக இருக்கவில்லை. பகிர்ந்து உண்டவர்களை அவள் பாதி நாள் வராதவர்கள் என்று எழுதி, சோம்பேறிகள் என்று அர்த்தம் வரும்படி ஹெட் ஒஃபிஸுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. தான் எழுதிய எண், மனேஜர் சொன்னது, தெற்கிலிருந்து வரப்போகும் முப்பது பேர், மாதக் கடைசி. ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஐம்பத்துமூணு வீதம்னா" என்றான் துஷாந்த் மெதுவாக, "நாங்க பாதி மனுசனா மிஸ்?"

"பாதிக்கு மேலடா" என்றாள் அழகம்மா. "அந்த மூணு வீதம் என் பிளேன்டீ."

யாரோ சிரித்தார்கள். பிரின்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது. தாளைச் சுருட்டிக்கொண்டு ஒஃபிஸுக்கு நடந்தாள்.

ஸ்டோர் வாசலில் வரவு எழுதும் ஒஸ்வல்ட் இருந்தார். அவளுடைய பங்குக் கோவிலில் பாட்டுக் குழுவில் நிற்கிற பெரியவர். "அங்கிள், இவங்க மாறி மாறி வாறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாம? யாரு வந்தாங்களோ அவங்க பேரத்தானே நான் எழுதுறது." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீங்க கேக்கல. நான் சொல்லல."

சைட் எஞ்சினியர் றினோஸ் உள்ளே வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார். விஷயத்தைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார். "பதினெட்டு பேர் போதும் என்டு சொன்னது நான்தான். அதால இதில எனக்கும் பங்கு ஈக்குது. ஆனா பிரின்ஸி, கொஞ்சம் யோசிங்க. இன்னும் மூணு கெழமையில ஒங்கட கன்ஃபர்மேஷன். இப்ப போய் 'நான் பிழையா கணக்குப் பார்த்துட்டன்' என்டு சொன்னா அந்த மனிசன் சும்மா விடுவாரா? புதுசா ஏதோ தகவல் கெடச்சிச்சி என்டு சொல்லுங்களேன்."

"தகவல் புதுசில்ல சேர். தாள்லயே இருந்திச்சு. நான்தான் பாக்கல."

அவர் தன் கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். தனியாகப் பேசட்டும் என்று.

போன் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். மனேஜர் எடுத்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அப்ப நீங்க அனுப்பின வீதம் பிழை."

"ஆமா சேர். என்னோட பிழை. அவங்க ஒரு நாளும் குறைய வரல. கேட்ட பதினெட்டும் நெதம் வந்திருக்கு. முப்பது கேட்டா முப்பதும் வரும்."

"வரும்னு இப்ப எப்படிச் சொல்றீங்க? இதுவும் ஒரு முன்கணிப்புத்தானே."

"ஆமா சேர்" என்றாள்.

"உங்க கன்ஃபர்மேஷன் ஃபைல் என் மேசையில கெடக்கு, தெரியுமா?"

"தெரியும் சேர்."

"ஒரு கெழமை தாறன். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், ஒவ்வொரு நாளும் முப்பது பேர். காலம ஏழரைக்கு எனக்கு எண்ணிக்கை வரணும். பாப்பம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் என்னவென்று கேட்டால் பிரின்ஸிக்குத் தெரியாது. அவள் முப்பத்துநாலிலிருந்து முப்பதைக் கழித்துக்கொண்டிருந்தாள். நாலு பேருக்குத்தான் ஓய்வு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? லொறி பஞ்சரானால்? நிரந்தரமாக்கும் கடிதம் கைவிட்டுப் போவதைக்கூட அவள் ஒரு வழியாக எண்ணிப் பார்த்துவிட்டாள். வேறு வேலை தேடலாம், அம்மா இரண்டு நாள் அழுவாள், பிறகு மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். முப்பத்துநாலு வீட்டை அப்படி எண்ணிப் பார்க்க முடியவில்லை. அப்பம் பெறும் வரிசையில் நின்றபோதும் முன்னால் நிற்பவர்களை எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டு அவளுக்கே வெட்கமாயிற்று.

அவள் சொல்லியனுப்பிய நிபந்தனையை வைத்து எல்கடுவ லயத்திலும் அன்று கணக்குத்தான் நடந்தது என்று பிறகு தெரிந்தது. ஒரு வாரத்துக்கு யார் யார் வீட்டில் பெண்கள் மட்டும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்ப் பேரைக் காப்பாற்றலாம், யார் கங்காணியிடம் லீவு கேட்கலாம் என்று ஒவ்வொரு வீடாகப் பார்த்திருக்கிறார்கள். நிறைமாத மனைவியுள்ளவனையும், முதுகு பிடித்துக்கொண்ட ஒருவரையும், தகப்பனைப் பார்க்க ஆளில்லாத இருவரையும் ஓய்வுக்கு விட்டார்கள்.

திங்கட்கிழமை லொறி இரண்டு தடவை ஓடியது. முப்பது பேர். செவ்வாயும் முப்பது. புதிதாகத் தாச்சி தூக்கியவர் ஒருவர் இரண்டு முறை சாந்தைக் கொட்டிவிட்டு, துஷாந்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிரின்ஸி ஒஃபிஸுக்கும் கேட்டுக்கும் நடுவில் நடந்தே செருப்பைத் தேய்த்தாள்.

புதன்கிழமை இருபத்தொன்பது.

இரண்டாவது தடவை வந்த லொறியும் காலியாகிவிட்டது. மணி ஏழு இருபத்தைந்து. சுந்தரலிங்கம் கீழே குதித்து அவளிடம் ஓடிவந்தார். "ஷியாமோட மகளுக்கு வலிப்புங்க மிஸ். விடியக்காலம மாத்தள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஓய்வுல இருந்த ஆளுங்களக் கூப்பிடலாம்னு பாத்தா, வரக்கூடியவங்க பெரட்டுக்குப் போயாச்சு."

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"இப்ப பரவாயில்லையாம். கூட நான் ஒருத்தன அனுப்பவும் இல்ல. இங்க ஆள் கொறையுமேன்னு." அதைச் சொல்லும்போது அவர் தலை குனிந்தது.

ஒஸ்வல்ட் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பேனா தாளின் மேல் நின்றது. "முப்பதுன்னு போடவா புள்ள? ஒரு ஆள்தானே. அதுவும் ஆஸ்பத்திரி விஷயம். கடவுள் கோவிக்கமாட்டார்."

கோவிக்கமாட்டார்தான் என்று பிரின்ஸிக்கும் தோன்றியது. எத்தனை வீட்டு அடுப்பு அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. அவள் மறுபக்கம் திரும்பி, தூணில் சாய்த்திருந்த பலகைகளைப் பார்த்தாள். முதல் தடவை அவள் ஆட்களைப் பார்க்காமல் எண்ணை எழுதியதால்தான் இவ்வளவும் வந்தது. இப்போது ஆட்களைப் பார்த்துக்கொண்டே இல்லாத எண்ணை எழுதினால், அடுத்த முறை அவள் உண்மையைச் சொன்னாலும் அதற்கு யார் செவி கொடுப்பார்?

"இருபத்தொம்பதுன்னு போடுங்க அங்கிள்."

மனேஜருக்கு அவளே செய்தி அனுப்பினாள். எண்ணிக்கை இருபத்தொன்பது, காரணம் இது, பிள்ளைக்கு ஏழு வயது என்று. அனுப்பிவிட்டு சுந்தரலிங்கத்திடம், "அண்ணே, ஷியாமோட நிக்க ஒருத்தர அனுப்புங்க" என்றாள். "இன்னும் ஒன்னு கொறையுமே மிஸ்" என்றார். "கொறையட்டும். அதையும் எழுதுறேன்." துஷாந்த் கையைக் கழுவிவிட்டு, ஒஸ்வல்ட் தனக்கென்று வாங்கி வைத்திருந்த பாண் ரொட்டிப் பார்சலை நீட்ட, அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். பிரின்ஸி இருபத்தெட்டு என்று இன்னொரு செய்தி அனுப்பினாள்.

மத்தியானம் வரை போன் வரவில்லை. வந்தபோது மனேஜரின் குரலில் கோபமா களைப்பா என்று பிரிக்க முடியவில்லை.

"காலையில இருபத்தொம்பது. பிறகு நீங்களே ஒருத்தர அனுப்பி இருபத்தெட்டு."

"ஆமா சேர்."

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிய வந்திருக்காது."

"இல்ல சேர், தெரிஞ்சிருக்காது."

"எனக்கு ஏழு சைட்டுல இருந்து காலமயில எண்ணிக்கை வருது. எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி கேட்ட எண்ணாவே வருது. எத நம்புறதுன்னு எனக்கே தெரியல." மூச்சு விட்டார். "தெற்குல இருந்து வாறவங்கள வேற எடத்துக்கு அனுப்புறன். உங்க கேங் நிக்கட்டும். ஆனா பிழை பிழைதான். அதுக்கு நான் ஏதாவது செய்யத்தான் வேணும்."

அவர் செய்தது அடுத்த வாரம் உறையில் வந்தது. முன்கணிப்பில் கவனக்குறைவு காணப்பட்டதால், நிரந்தர நியமனம் மேலும் மூன்று மாதம் பிற்போடப்படுகிறது. பிரின்ஸி அதை இரண்டு முறை வாசித்தாள். அநியாயம் என்று சொல்ல அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் பசியோடு சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தாள்.

அடுத்த முன்கணிப்பு வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். லெப்டொப்பைத் திறந்தாள். பிறகு அதை அப்படியே விட்டு, ஒரு கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து மணித் தேத்தண்ணீர் நடக்கும் இடத்துக்குப் போனாள். அழகம்மா சாக்கொன்றை உதறி விரித்து இடம் காட்டினாள்.

"வாற மூணு மாசத்துல யார் யாருக்கு என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் பிரின்ஸி. "கலியாணம், திருவிழா, பிள்ளப்பேறு, எல்லாம்."

முதலில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசத் தொடங்கினார்கள். துஷாந்தின் தங்கச்சிக்கு நிச்சயம். மேசன் ஒருவருக்குக் கண் ஒப்பரேஷன் நாள் கொடுத்திருக்கிறார்கள். ஷியாம் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக மாதம் ஒரு நாள். சுந்தரலிங்கம் வைகாசித் திருவிழாவுக்கு மூன்று நாள் என்றார். அழகம்மா, "போன வருசம் அஞ்சு நாள் ஆடுனீங்க, மிஸ்கிட்ட மூணுங்கிறீங்க" என்றாள்.

"சரி, அஞ்சு."

"மே மாசம் கொழுந்து கூடுற நேரம் மிஸ்" என்றாள் அழகம்மா, கோப்பையை அவள் கையில் கொடுத்தபடி. "அப்ப பொம்பளைங்களால மட்டும் தாக்குப்பிடிக்க ஏலாது. முப்பது கேக்காதீங்க. இருபத்துநாலு கேளுங்க, கட்டாயம் வரும்."

மே மாதத்து வேலைக்கு இருபத்துநாலு பேர் போதாது. பூச்சு வேலையைப் பத்து நாள் தள்ள வேண்டி வரும். அதற்கு றினோஸ் சேரிடம் பேச வேண்டும், மனேஜரிடமும் பேச வேண்டும். பிரின்ஸி கொப்பியில் இருபத்துநாலு என்று எழுதினாள். பக்கத்தில், ஏன் என்பதையும் எழுதினாள்.